மருந்து செலுத்தும் கருவிக்கு எந்த நிரல்மொழி?

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நிறுவனத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், சிரிஞ்சில் உள்ள மருந்தை மோட்டாரால் சிறிது சிறிதாகத் தள்ளிச் செலுத்தப் பயன்படும் சிரிஞ்சு பம்ப்தான் அவர்களுடைய முக்கியத் தயாரிப்பு. இப்போது விற்பனையில் இருக்கும் மாடலின் நிரல் முழுவதும் சி மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் அடுத்த ஆண்டு ஓய்வுபெறப்போகும் மூத்த பொறியாளர். பல ஆண்டுகளாக அந்த நிரலால் பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை. புதிய மாடலுக்கான வேலை தொடங்கியதும் குழுவுக்குள் கருத்து வேறுபாடு. இளைஞர்கள் இருவர், எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுத வேண்டும் என்கிறார்கள். மூத்தவர், “விமானமே சி மொழியில்தான் பறக்கிறது, நம் பம்ப் ஓடாதா?” என்கிறார். தரச்சான்றுக்கு உதவும் ஆலோசகர் ஏடா மொழியைப் பரிந்துரைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த மொழியில் எழுதினால் சான்றிதழ் சீக்கிரம் கிடைக்கும் என்பது நிர்வாக இயக்குநரின் கவலை. முடிவெடுத்துக் கையெழுத்திட வேண்டியவர் நம் வாசகி. “நாளை ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என் தலையில்தானே விடியும்?” என்று கேட்கிறார்.

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறி ஓடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிச் சுற்று பழைய மாடலில் உண்டு. செலவைக் குறைப்பதற்காகப் புதிய மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளுமாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது மொழியைப் பற்றி. அதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்தச் சுற்றைப் பற்றிய வரிதான். மொழி விவாதம் எப்படி முடிந்தாலும் சரி, அந்தச் சுற்று திரும்ப வந்தாக வேண்டும்.

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, கனடாவிலும் அமெரிக்காவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி ஆறு புற்றுநோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். அதற்கு முந்தைய தெராக்-20 மாடலில், தவறான நிலையில் கதிர் பாயாமல் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை வைக்காமல், காவல் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். பழைய மாடல்களின் நிரல் நன்றாக ஓடியது என்ற நம்பிக்கை அதற்குத் துணை நின்றது. விபத்துகளுக்குப் பிறகுதான் தெரிந்தது, அதே பிழை தெராக்-20 நிரலிலும் இருந்திருக்கிறது. அங்கே வன்பொருள் குறுக்கே நின்றதால் ஃபியூஸ் போனதோடு முடிந்துவிட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உங்கள் மூத்த பொறியாளரின் நிரல் தொல்லை தந்ததில்லை என்கிறீர்கள். அது நிரலின் தரமா, அந்தச் சுற்றின் தயவா என்பது இன்றைக்கு உங்களில் யாருக்கும் தெரியாது. சர்வீஸ் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். ‘மோட்டார் நின்றுவிட்டது, அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது’ என்று எழுதி மூடிய புகார்கள் இருந்தால், அவற்றில் சில அந்தச் சுற்று ஒரு நோயாளியைக் காப்பாற்றிய சந்தர்ப்பங்களாக இருக்கலாம். நிர்வாக இயக்குநரிடம் பேசப் போவதற்கு முன் இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மொழி எங்கே உதவும், எங்கே உதவாது

தெராக்-25 நிரலில் இருந்த பிழைகளில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பாகங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டுமா என்பதைக் குறிக்க ஒரு பைட் அளவுள்ள மாறி (நிரல் எண்ணைச் சேமிக்கும் இடம்) இருந்தது. பூஜ்யம் என்றால் சோதனை வேண்டாம். வேறு எந்த எண் என்றாலும் சோதிக்க வேண்டும். ஆயத்த நிலையில் நிரல் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் அதில் ஒன்றைக் கூட்டியது. ஒரு பைட்டில் 255-க்கு மேல் இடமில்லை. ஆகவே 256-ஆவது முறை அது மறுபடியும் பூஜ்யம் ஆனது. சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால், சோதனை நடக்காமலே கதிர் பாயும். பாய்ந்தது.

அது அசெம்பிளி மொழியில் எழுதிய நிரல். ஏடா மொழியில், 0 முதல் 255 வரை என்று வரம்பு சொல்லி அறிவித்த சாதாரண முழு எண்ணாக இருந்திருந்தால், வரம்பு மீறிய அந்தக் கூட்டலிலேயே நிரல் பிழை எழுப்பியிருக்கும். சி மொழியில் ஓசையில்லாமல் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும். ரஸ்ட்டில்? சோதனைக்காகக் கம்பைல் செய்த, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய, நிரல் அங்கேயே நின்றிருக்கும். விற்பனைக்குப் போகும் வடிவத்திலோ, அதற்கான அமைப்பை நீங்களாக மாற்றி வைக்காவிட்டால், சி மொழியைப் போலவே சுற்றித் திரும்பியிருக்கும். ‘ரஸ்ட்டில் கம்பைல் ஆகிவிட்டால் கவலையில்லை’ என்று நினைக்கும் உங்கள் இளைஞர்களிடம் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. அந்த அமைப்பை இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

ரஸ்ட்டைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. தன் தயாரிப்புகளில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. இந்த வகைப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவற்றை ரஸ்ட் கம்பைலர் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உங்கள் பம்பில் இதன் பயன் எங்கே தெரியும் என்றால், இன்டரப்ட்டும் (ஓடும் நிரலை இடைமறித்து இயங்கும் சிறு நிரல்) முதன்மை நிரலும் ஒரே மாறியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில். மோட்டாரின் படி எண்ணிக்கையை ஒன்று பாதி எழுதியிருக்கும்போதே மற்றது படித்துவிடும் ஆபத்து சி மொழியில் எப்போதும் உண்டு. ரஸ்ட்டில் அப்படி எழுத வேண்டுமென்றால், பாதுகாப்பற்றது என்று அந்த இடத்தைக் குறித்துக் காட்டித்தான் எழுத முடியும். ஆனால் சிறிய பம்பின் நிரலில் ஓட்டத்தின்போது நினைவகம் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கும் வழக்கமே பெரும்பாலும் இருக்காது. அதனால் உலாவிகளிலும் இயங்குதளங்களிலும் கிடைக்கும் அளவுக்குப் பெரிய ஆதாயத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, எந்த மொழியும் பிடிக்காத பிழைகள். 2005 முதல் 2009 வரை மருந்து செலுத்தும் பம்புகள் பற்றிச் சுமார் 56,000 புகார் அறிக்கைகள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்தன. அந்த ஆண்டுகளில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. நிர்வாகம் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, ஒருமுறை அழுத்திய பொத்தானைப் பம்ப் இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்வது. செவிலியர் 2 என்று அழுத்தினால் 22 என்று பதிவானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 22 என்பது சரியான எண். எந்த வரம்பையும் மீறவில்லை. ஏடாவும் ரஸ்ட்டும் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பொத்தான் அதிர்வை வடிகட்டுவதும், வேகம் திடீரெனப் பல மடங்கானால் ‘உறுதியா?’ என்று திரையில் கேட்பதும் உங்கள் வடிவமைப்பில் வர வேண்டியவை.

இன்னொன்று, நேரத்தை எண்ணும் மாறி. மில்லிவினாடிகளை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாட்களில் நிரம்பிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பம்பை அணைக்காமல் வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். இது கற்பனையான பயமல்ல. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால் உள்ளே ஓர் எண்ணி நிரம்பி அவை ஒரே நேரத்தில் செயலிழக்கக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. இதற்கு எளிய வழி உண்டு. எண்ணியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல், நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் அப்படித்தான் செய்கிறது. பிழை இருந்தால் ஆய்வகத்தில் முதல் நாளே தலைகாட்டிவிடும்.

“விமானமே சி மொழியில்தான்”

மூத்தவர் சொல்வது உண்மைதான். விமானத்தில் சி உண்டு. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு நிரல் 1,32,000 வரிகள் கொண்டது, சி மொழியிலானது. ஓடும்போது எழும் பிழைகள் அதில் இல்லை என்று 2003-இல் அஸ்த்ரே என்ற பகுப்பாய்வுக் கருவியைக் கொண்டு கணித முறையில் நிறுவினார்கள். விமானம் பறக்கிறது என்பதால் சி பாதுகாப்பானது என்று ஆகாது. இவ்வளவும் செய்தால் சி மொழியிலும் பாதுகாப்பாகப் பறக்கலாம் என்பதே சரி.

இவ்வளவும் ஏன் தேவைப்படுகிறது? குறியுள்ள இரண்டு முழு எண்களைக் கூட்டி இடம் போதாமல் போனால் என்ன நடக்கும் என்பதை சி மொழியின் இலக்கணம் வரையறுக்கவே இல்லை. அதனால், ‘கூட்டிய விடை முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதா’ என்று நீங்கள் எச்சரிக்கையாக எழுதிவைத்த சோதனை வரியையே, அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டு கம்பைலர் நீக்கிவிடலாம். நீக்க அதற்கு உரிமை உண்டு. பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் கம்பைலரின் புதிய பதிப்புக்கு மாறும்போது இதில் அடிபடுகிறார்கள். இத்தகைய பள்ளங்களைத் தவிர்க்கத்தான் சி மொழியில் எப்படி எழுத வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லும் மிஸ்ரா விதிகள் வாகனத் துறைக்காக 1998-இல் வந்தன. இன்று மருத்துவக் கருவிகளிலும் அவற்றைக் கடைப்பிடிக்கிறார்கள். உங்கள் பழைய நிரலை ஒருமுறை மிஸ்ரா சோதனைக் கருவியில் ஓட்டுங்கள். பட்டியல் நீளமாக வரும். அது மூத்தவரைக் குற்றம் சாட்டும் பட்டியலாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஏடா பற்றி ஒரு திருத்தம்

ஏடா என்றாலே பத்திரம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தால், அவருக்கு ஏரியான் 5 ராக்கெட்டை நினைவூட்டுங்கள். 1996 ஜூன் 4 அன்று, முதல் பயணத்திலேயே, கிளம்பிச் சுமார் 40 வினாடிகளில் அது வானில் சிதறியது. அதன் திசையறி கணினிகளில் ஓடியது ஏடா நிரல். ஏரியான் 4-க்காக எழுதியதை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட் பழையதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்ததால், 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. ஏடா தன் கடமையைச் செய்தது. பிழையைக் கண்டுபிடித்து அறிவித்தது. அறிவித்த பிறகு என்ன செய்வது என்பதற்கு வடிவமைப்பில் எழுதியிருந்த விடை, கணினியை நிறுத்துவது. இரண்டு கணினிகளும் ஒரே நிரலை ஓட்டியதால் இரண்டும் ஒரே காரணத்துக்காக நின்றன. தோற்றுப்போன அந்தக் கணக்கோ, ராக்கெட் தரையை விட்ட பிறகு தேவையே இல்லாதது.

உங்கள் பம்பில் நிரல் பிழை எழுப்பினால் மோட்டார் நிற்க வேண்டுமா? மார்ஃபின் போய்க்கொண்டிருந்தால் நிற்பதே நல்லது. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோர்அட்ரினலின் போய்க்கொண்டிருந்தால், மருந்து நின்ற சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இரண்டிலும் அலாரம் உரக்க அடித்தாக வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. மற்றதை ஒரு தீவிர சிகிச்சை மருத்துவரை உட்கார வைத்து முடிவு செய்யுங்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இது எழுத்தில் இருக்க வேண்டும்.

சான்றிதழும் மொழியும்

நிர்வாக இயக்குநரின் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: மொழியை மாற்றுவதால் சான்றிதழ் வேகமாக வராது. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரம் எந்த மொழியையும் விதிக்கவில்லை, விலக்கவும் இல்லை. எந்தத் தேவைக்கு எந்த நிரல், அதற்கு எந்தச் சோதனை, எந்த ஆபத்தை எது தடுக்கிறது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இங்கே உங்கள் கடிதத்தில் ஒரு குழப்பம். ‘எங்கள் கருவி சி வகுப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டின் 2017 மருத்துவக் கருவிகள் விதிகளில் ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். அவை முழுக் கருவியின் ஆபத்தைக் குறிப்பவை. ஐஇசி 62304-இல் ஏ, பி, சி என மூன்றுதான். அவை மென்பொருளுக்கு உரியவை. எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஆவணங்களில் எப்போதும் எந்த விதியின் வகுப்பு என்று சேர்த்தே எழுதுங்கள். இன்னொரு செய்தியும் உங்களுக்குச் சாதகமானது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, மென்பொருளுக்கு வெளியே இருக்கும் தடுப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த வகுப்பை முடிவு செய்கிறார்கள். நீங்கள் எடுத்துவிட்ட சுற்று அப்படிப்பட்ட தடுப்பு. அதை எடுத்ததால் மிச்சமான பணத்தைவிட, அதனால் கூடும் சோதனை, ஆவண வேலைகளின் செலவு அதிகமாக இருக்கலாம். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ரஸ்ட்டுக்கு ஃபெரோசீன் என்ற கம்பைலர் 2023-இல் வாகன, தொழிற்சாலைப் பாதுகாப்புத் தரங்களுக்குத் தகுதி பெற்றது. பிறகு ஐஇசி 62304-க்கும். இது நல்ல செய்தி. ஆனால் தகுதி பெற்றது கம்பைலர், உங்கள் நிரல் அல்ல. இணையத்திலிருந்து இறக்கிச் சேர்க்கும் ஒவ்வொரு ரஸ்ட் தொகுப்புக்கும் அது எங்கிருந்து வந்தது, அதில் அறியப்பட்ட பிழைகள் என்ன என்று நீங்கள் கணக்கு வைக்க வேண்டும். ஒரு வரியில் ஒன்றைச் சேர்த்தால் அதன் பின்னாலேயே பத்து வந்து நிற்கும். இளைஞர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

நான் பரிந்துரைப்பது

முழு நிரலையும் புதிதாக எழுத வேண்டாம். திரை, பொத்தான், பேட்டரி, அலாரம் ஆகியவற்றுக்கான சி நிரல் அப்படியே இருக்கட்டும். மிஸ்ரா விதிகளுக்குக் கொண்டுவந்து, பகுப்பாய்வுக் கருவியால் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளில் கண்ட எத்தனையோ சிக்கல்களுக்கான தீர்வுகள் அந்த வரிகளில் புதைந்திருக்கின்றன. புதிதாக எழுதினால் அவற்றை எல்லாம் மறுபடி நோயாளிகளின் படுக்கையருகில் கற்க வேண்டியிருக்கும்.

மருந்தளவுக் கணக்கையும், மோட்டார் உண்மையில் எவ்வளவு தள்ளியது என்று கண்காணிக்கும் பகுதியையும் மட்டும் பிரித்தெடுத்து, இரண்டாவது மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) ஒன்றில் வையுங்கள். துண்டிக்கும் சுற்று இதற்கும் வெளியே, தனியாக இருக்கட்டும். அந்தச் சிறு பகுதிக்கு என் தேர்வு ஏடாவின் கட்டுப்படுத்தப்பட்ட வடிவமான ஸ்பார்க். பம்பில் உயிரை எடுப்பது எண்தான். மணிக்கு 0.1 மில்லிலிட்டர் முதல் இவ்வளவு வரை, தசமத்துக்குப் பின் ஓரிலக்கம் என்று எண்ணின் வகையிலேயே எழுதிவிடலாம். மில்லிலிட்டரையும் மைக்ரோகிராமையும் தனி வகைகளாக அறிவித்துவிட்டால், தவறிப்போய்க் கூட்டினாலும் கம்பைலர் விடாது. எந்த உள்ளீட்டுக்கும் வரம்பு மீறாது என்று ஓட்டிப் பார்க்காமலே நிறுவவும் முடியும். பெரிய நிரலுக்கு இது பெரும் உழைப்பு. சில நூறு வரிகளுக்கு உங்கள் குழுவால் தாங்க முடியும்.

ரஸ்ட் தெரிந்தவர்கள் கையில் இருக்க, ஏடா தெரிந்தவர்களை எங்கே தேடுவது என்று தயங்கினால், ரஸ்ட்டிலேயே எழுதுங்கள். எனக்கு மறுப்பில்லை. வெளித் தொகுப்புகள் வேண்டாம், எண் நிரம்புவதைச் சோதிக்கும் அமைப்பு எப்போதும் இயங்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு. உங்கள் சில்லு ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம் வகை என்றால் இரண்டு மொழிகளுக்கும் கம்பைலர் உண்டு. எதில் எழுதினாலும், கண்காணிப்புப் பகுதியை எழுதுபவர் முதன்மை நிரலை எழுதியவராக இருக்கக் கூடாது. பைத்தான் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பம்புக்குள் வேண்டாம்; பம்பைச் சோதிக்கும் மேசையில் தாராளமாக வையுங்கள்.

உங்கள் கையெழுத்து

நான் பொறியாளன், உங்கள் தனிப்பட்ட சட்டப் பொறுப்பை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பொதுவாகச் சொல்லக்கூடியது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் தயாரிப்புப் பொறுப்பு அத்தியாயம் வடிவமைப்புக் குறைக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது என்பதும், கருவி தயாரிக்கும் உரிமம் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது என்பதும். அதற்காக உங்கள் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. ஆபத்து தெரிந்தும் எழுத்தில் சொல்லாமல் கையெழுத்திட்டால்தான் நீங்கள் பலவீனமான இடத்தில் நிற்பீர்கள்.

எனவே சுற்றை எடுத்தது பற்றி ஒரு பக்கத்தில் எழுதுங்கள். என்ன தவறு நடக்கலாம், நோயாளிக்கு என்ன ஆகும், சுற்றைத் திரும்ப வைக்க என்ன செலவு என்ற மூன்று செய்திகள் போதும். தேதியிட்டு நிர்வாக இயக்குநருக்கு அனுப்பி, ஆபத்து மேலாண்மைக் கோப்பிலும் சேருங்கள். அவர் மறுத்தால், மறுப்பும் அதே கோப்பில் இருக்கட்டும். சுற்று இல்லாத வடிவமைப்பில் நீங்கள் கையெழுத்திட வேண்டாம். மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்கலாம். இதில் வேண்டாம்.

மூத்த பொறியாளரோடு உட்கார்ந்து, நிரலில் விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிவைக்கும் வேலையை, எந்தக் கூட்டத்துக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள். ரஸ்ட் கேட்கும் இளைஞர்களில் ஒருவரையே குறிப்பெடுக்க உட்கார வையுங்கள்.